கேப்பை பிஸ்கெட்டும் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களும்

இப்போது என்னுடைய நாலு கடைகளிலும் கேழ்வரகு பிஸ்கெட்டுக்குத்தான் அடிதடி. டாக்டர் சொன்னார் என்று காரில் வந்து இறங்கி வாங்கிப் போகிறார்கள். டப்பாவின் மேல் ‘பழந்தானியம்’ என்று என் மகன் அச்சடித்திருக்கிறான். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் அடித்துச் சொல்வேன், பாறசாலை வட்டாரத்தில் கேழ்வரகு மாவில் பிஸ்கெட் சுட்ட முதல் வீடு எங்கள் வீடு. அதற்குக் கனல் அள்ளிப் போட்டவன் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் ஊர்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம், கடையடைப்பு, பின்னாலேயே போலீஸ் வண்டி. அப்பா வீட்டில் இருந்ததைவிடக் கூட்டங்களில் இருந்ததுதான் அதிகம். வீட்டை அம்மா நடத்தினாள். அம்மாவை மாமா நடத்தினார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, வாயாலேயே வள்ளம் ஓட்டுகிறவர். அவர்தான் அக்காவுக்கு அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு நெய்யாற்றின்கரையில் சர்க்கார் குமாஸ்தா வேலை.

அக்கா தனுவச்சபுரத்தில் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரோ அவசரக்காரர்கள். பிடித்துவிட்டால் அடுத்த மாதமே தாலி, படிப்பு அதோடு சரி.

“பரீட்சை எழுதிட்டுப் போறேனே அம்மா” என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

“எழுதி என்னத்துக்கு? கலெக்டராவப் போறியா?” என்றாள் அம்மா. அக்கா புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைப் படியில் போய் உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா சாயாவோடு பிஸ்கெட் மட்டும்தான் தொடுவாராம். மாமா விடுவாரா? “நம்ம வீட்டிலயும் பிஸ்கெட்டு இல்லாம சாயா கிடையாது எண்ணு சொல்லிப்போட்டேன்” என்று அம்மாவிடம் வந்து நின்றார். நாங்கள் பிஸ்கெட்டைப் பார்ப்பதே காய்ச்சல் வந்தால்தான்.

அவர்கள் வருகிற அன்று காலையில் திடீர்க் கடையடைப்பு. பஸ் இல்லை. மாமா பேக்கரியின் பின்வாசல் வரைக்கும் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். மைதா கேட்டுப் போன வீடுகளிலும் இல்லை என்ற பதில்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கவில்லை. நடந்தே வருகிறோம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது அக்கா சொன்னாள்: “கேப்பை மாவு இருக்கில்லா. அதில நான் சுட்டுத் தாறேன்.”

அது தொட்டிலில் கிடந்த தம்பிக்குக் கூழ் காய்ச்ச வைத்திருந்த கேழ்வரகு மாவு.

“சின்னப் பிள்ளைக்குக் குடுக்கதையா சம்பந்திக்குக் குடுக்க? மானம் போவும்” என்றாள் அம்மா.

“பள்ளிக்கூடத்தில டீச்சர் சுட்டுக் காட்டினாங்க. வெள்ளைக்காரனுக்குக் கறுப்பு பிஸ்கெட்டுதான் பிடிக்குமாம்.”

“வெள்ளைக்காரனே தின்னுகானா? அப்பம் சரி” என்று மாமா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக் கண்ணாடிப் பரணிக்குள் இருக்கிற பொருள் எங்கள் அடுக்களையில் பிறக்கப்போகிறது! அக்கா உருளியில் ஆற்றுமணலைக் கொட்டி அடுப்பில் ஏற்றினாள். மணல்மேல் தகரத்தட்டு, அதன்மேல் வட்ட வட்டமாக மாவு, அதை மூட ஒரு மண்சட்டி, சட்டியின் மேல் நான் அள்ளிப் போட்ட தேங்காய்ச் சிரட்டைக் கனல்.

“மேல என்னத்துக்கு அக்கா தீ?”

“கீழ மட்டும் வெந்தா தோசை. மேலயும் வெந்தாத்தான் பிஸ்கெட்டு.”

மாவு பிசைந்ததையும் நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கருப்பட்டிப் பாகு வெகுநேரம் கொதித்தது. எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்டேன். கேள்வி கேட்டால் பாகு கெட்டுப்போகும் என்றாள். தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

சேலை மாற்றப் போகும்போது ஒரு விரலை நீட்டிச் சொன்னாள்: “மக்கா, சட்டியத் தெறக்கப்பிடாது. தெறந்தா பிஸ்கெட்டு கல்லாப் போவும்.”

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் எப்படி இருப்பது? மூன்று தடவை திறந்து பார்த்தேன். மணம் மட்டும் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, ஒரு பெரியப்பா என்று மூன்று பேர் காலெல்லாம் புழுதியோடு வந்து சேர்ந்தார்கள். நடந்த பசி. சாயா வந்தது, தட்டில் பிஸ்கெட் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒன்றை எடுத்துக் கடித்தார். ‘கடக்’ என்று ஒரு சத்தம். பல்லா பிஸ்கெட்டா என்று தெரியாமல் எல்லாரும் அவர் வாயைப் பார்த்தோம். அவர் அதை வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்து, தட்டின் விளிம்பில் தட்டினார். மணி மாதிரி கேட்டது.

“இது பிஸ்கெட்டா, இல்ல அம்மிக்கல்லுக்குப் பொறந்த பிள்ளையா?” என்றார்.

“ஆராக்கும் இதைச் செய்தது?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

“கடையில...” என்று மாமா ஆரம்பிப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கணீரென்று வந்தது: “நானாக்கும் செய்தேன். எங்க வீட்டில தினமும் இதுதான்.”

சட்டியைத் திறந்தவன் நான். என் குற்றத்தை அக்கா தலையில் ஏற்றிக்கொள்கிறாள்! “இல்ல, நான்தான்...” என்று வாயெடுத்தேன். கதவோரம் நின்ற என் வாயை, இடுக்கு வழியாக வந்த அக்காவின் கை பொத்தியது.

சாயாவை மட்டும் குடித்துவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள். இரண்டு நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள்: பெண்ணுக்குக் கைப்பக்குவம் போராது, வேண்டாம். அம்மா அழுதாள். மாமா கடையடைப்பைத் திட்டி, போலீஸைத் திட்டி, கடைசியில் இரண்டு சர்க்காரையும் சேர்த்துத் திட்டினார். அக்கா பரீட்சை எழுதினாள். டீச்சரானாள். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். கல்யாணமும் நடந்தது, அவளுக்குத் தோன்றிய காலத்தில்.

எனக்காகச் சர்க்கார் மாப்பிள்ளையை இழந்த அக்கா என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் ஒரு பேக்கரியில் தட்டு கழுவப் போனேன். இருபத்தைந்தில், ஒருவர் தயவும் இல்லாமல், சொந்தமாக போர்மா கட்டினேன். பேக்கரி அடுப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்த போர்மாவில் முதன்முதலாகக் கேழ்வரகு பிஸ்கெட் சுட்ட அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது. வேகும்போது திறந்தால் சூடு போய் பிஸ்கெட் வேகாமல் கொழகொழவென்று நிற்கும், கல்லாகாது. கல்லாக வேண்டும் என்றால் பாகை முற்றவிட வேண்டும், ஒரு சொட்டு எண்ணெய் சேர்க்கக் கூடாது. வருஷா வருஷம் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குத் தெரு முழுக்கப் பாகு பதம் பார்த்துக் கொடுக்கிறவள் அக்கா. அவளுக்கா பதம் தப்பும்?

நேரே போய்க் கேட்டேன். “எலே, ஒனக்கு பிஸ்கெட்டு விக்கத் தெரியும். அது போரும்” என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போன அந்தச் சாயங்காலம் அக்கா அடுக்களைப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சரித்திரப் புத்தகம். கையில் பால் விடாத கட்டன்சாயா. மிஞ்சிய பிஸ்கெட்டுகளை ஒவ்வொன்றாகச் சாயாவில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் தின்று தீர்க்க வேண்டும் என்று அம்மா தண்டனை கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பாதித் தண்டனை எனக்கும் சேர வேண்டியதுதானே? பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து, ஊறவைக்காமலே கடித்தேன். பல் கூசிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. குலுங்கல் நிற்கவே இல்லை.

“அழாத அக்கா. வேற மாப்பிள்ளை வருவான்” என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.