பதினொன்றே காலுக்குப் பார்த்தவர்கள்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் டீச்சர். பெற்றோரை, போனுக்குச் செய்தி அனுப்பும் பள்ளியின் போர்ட்டலுக்குப் பழக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நேரே வந்து, பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பதினோரு அம்மாக்களைப் பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பாஸ்வேர்டு எதற்கென்று விளக்குவதற்குள் எனக்கே குழம்பிவிட்டது. கடைசியில், "புதுச் செய்தி வந்து சிவப்புப் புள்ளி தெரிஞ்சா தொட்டுருங்க. புள்ளி இருக்கவே கூடாது" என்று முடித்துக்கொண்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மறுநாளிலிருந்து ஒரே அதிசயம். பதினோரு பேரும் காலை பதினொன்றே கால் வாக்கில், ஒருவர் பின் ஒருவராக, எல்லாச் செய்தியையும் பார்த்திருந்தார்கள். வேலை நேரத்தில் எப்படி என்று புரியவில்லை. ஹெட்மாஸ்டர் மீட்டிங்கில் பாராட்டியதும் புரிந்துகொள்ளும் ஆசையும் போய்விட்டது.

ஒரு பிள்ளை விஷயம் மட்டும் உறுத்தியது. அவளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. ஆறை எட்டென்று எழுதிக் கணக்கில் பெயிலாகிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டால் கேலி செய்வார்கள் என்று பயம். வீட்டில் மூச்சுவிட மாட்டாள். பள்ளிக்கு இலவசக் கண் முகாம் வந்தது. அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான அவள் அம்மாவின் சம்மதம் கேட்டுப் போர்ட்டலில் நான்கு முறை அனுப்பினேன். நான்கும் 'பார்க்கப்பட்டது'. பதில் இல்லை. பகலில் கூப்பிட்டால் போனை எடுப்பதும் இல்லை. முகாம் முடிந்துபோனது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெற்ற பிள்ளைமேல் இவ்வளவுதானா அக்கறை? அன்று சாயங்காலமே கம்பெனி வேன் வந்து நிற்கும் இடத்துக்குப் போனேன்.

அந்த அம்மா இறங்கினாள். காதோரம் பட்டாசு மருந்துத் தூள் மினுங்கியது.

"நாலு தடவ பார்த்தும் ஒரு பதில் இல்லையேம்மா?"

"எதை டீச்சர்?" என்றாள். நடிக்கிற முகம் இல்லை.

வேன் டிரைவர்தான் முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு ரெக்சின் பை, அதற்குள் பதினோரு போன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் நாள் முழுக்க அவை அவரிடம்தான் இருக்குமாம்.

"டீயக் குடிச்சிட்டு வந்து அம்புட்டுப் புள்ளியையும் நான்தான் தொட்டு எடுப்பேன் டீச்சர். இருக்கவே கூடாதுன்னு சொன்னீகளாம்ல. ஒரு நா விட்டதில்ல."

"என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலையா?"

"அடுத்தவக வீட்டு விசயத்த நான் எதுக்குப் படிக்கணும்?"

யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு பிள்ளையின் கண்ணைப் பற்றி அந்த அம்மாவிடம் சொன்னேன். அவள் வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ளி போயிருச்சான்னு தெனமும் இவருகிட்ட கேப்பேன். போயிருச்சும்பாரு. பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்லன்னு நெனச்சேன் டீச்சர்."

கோபமே இல்லாமல் கேட்டாள்.

"காலையில இந்த வேன் ஒங்க பள்ளிக்கூட வாசல்ல ஆளேத்த நிக்குமே. நீங்களும் கேட்டுப் பக்கத்துலதான் நிப்பீக. நான் தெனமும் கும்பிடுவேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நீங்க போனையே பார்த்துக்கிட்டு இருப்பீக."

அந்த நேரத்தில் நான் போர்ட்டலில், முந்தின நாள் செய்தியை எந்தெந்த அம்மா பார்த்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.