கழித்த பிறகும் சுவரில் இருந்தது

வகுப்பில் அவளுக்கு டேப் அக்கா என்று பெயர். கட்டட வரைபட அலுவலகத்தில் பதினைந்து வருடமாக வேலை. கைப்பையில் சாப்பாட்டு டப்பா இல்லாவிட்டாலும் அளவு டேப் இருக்கும். முப்பத்தெட்டு வயதில், மாலை வகுப்பில் உயர்நிலை கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் படிக்கச் சேர்ந்தாள். முதல் நாள் அவளைப் பேராசிரியை என்று நினைத்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். உண்மையான பேராசிரியை பின்னாலேயே வந்தார். அவர் இவளைவிட நான்கு வயது இளையவர்.

அங்கே பாடம் என்று தனியாக எதுவும் கிடையாது. வாரத்துக்கு ஒருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துவந்து விளக்க வேண்டும். மற்றவர்கள் குடைந்து எடுப்பார்கள். அதோடு ஆளுக்கொரு சொந்தத் திட்டம். அவள் ஓர் அறையை எடுத்துக்கொண்டாள். அதை அங்குலம் விடாமல் அளந்து கணினிக்குள் கட்டி, ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் எதில் பட்டு எங்கே தெறிக்கிறது என்று கதிர் கதிராகக் கணக்குப் போட்டு ஒரு படம் உண்டாக்க வேண்டும். பிறகு அதே அறையின் நிஜப் புகைப்படத்திலிருந்து அந்தப் படத்தைக் கழிக்க வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் மிஞ்சுவது வெறும் கறுப்பு.

அறை அவள் தம்பியுடையது. இரண்டு காலும் விளங்காமல் நான்கு வருடம் அங்கே கிடந்தவன், போன வருடம் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு அம்மா கட்டிலை நகர்த்த விடவில்லை, அந்த நீலச் சுவருக்கு மறுபடி வர்ணம் அடிக்கவும் விடவில்லை. எதுவும் அசையாத அறை என்பதால் எடுத்தேன் என்று வகுப்பில் சொன்னாள். அது முழுப் பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கடைக்குப் போகும் நேரம் பார்த்து அளப்பாள், படம் எடுப்பாள். முதலில் கழித்தபோது அறை முழுவதுமே பிழையாக மிஞ்சியது. நாற்காலியைச் சரிசெய்தாள், ஜன்னல் கம்பிகளைச் சரிசெய்தாள், தரையின் பளபளப்பைச் சரிசெய்தாள். இரண்டு மாதத்தில் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. தலையணைக்கு மேலே சுவரில் ஒரே ஓர் இடம் மட்டும் கறுக்கவில்லை. சாம்பல் நிறத்தில், ஓரம் புகைந்து, ஒரு தலையும் இரண்டு தோளும்.

அதை அடுத்த செமினாரில் காட்டினாள். 

"அக்கா, கட்டிலுக்குப் பின்னால யாரு உக்காந்திருக்காங்க?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை.

"பின்னால இடமே கிடையாதும்மா. கட்டில் சுவரோட ஒட்டி இருக்கு. ஒரு விரல் நுழையாது."

கேமராவை மாற்றினாள். முன்வரிசைப் பெண் எழுதிய நிரலில் போட்டுப் பார்த்தாள். மேகம் மூடிய நாளில் எடுத்துப் பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது. ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. வெறும் கண்ணுக்கு அங்கே நீலச் சுவர்தான். ஆனாலும் பட்டப்பகலில்கூட விளக்கைப் போட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் கால் வைத்தாள்.

பேராசிரியை படத்தை நெடுநேரம் பார்த்தார். "சுவர் முழுக்க ஒரே நிறம்னு வெச்சுத்தானே கணக்குப் போட்டீங்க? அங்கதான் இடிக்குது. வெயில் பட்ட இடம் வெளுத்துப் போயிருக்கும். படாத இடம் அப்படியே இருக்கும்."

"ஜன்னலுக்கு நேரா இருக்கிற சுவர் மேடம். எல்லா இடத்துலயும்தான் படும்."

"அந்த இடத்துல மட்டும் யாரோ மறைச்சிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. வருஷக்கணக்கா."

அவள் கணினியைத் திறந்தாள்.

கணக்கைத் திருப்பிப் போட்டாள். சுவரில் இப்படி ஒரு நிழல் விழ வேண்டுமானால் ஆள் எங்கே நின்றிருக்க வேண்டும், எத்தனை உயரம், எந்த நேரம்? கணினிக்குள் முகமில்லாத ஓர் உருவத்தை நிறுத்தி, அதைத் தானாகவே இடம் மாறவும் வளரவும் குறுகவும் விட்டாள். மூன்று நாள் அது அந்த அறைக்குள் நடமாடியது. நான்காம் நாள் நின்றுவிட்டது. மேற்கு ஜன்னலை ஒட்டி, ஜன்னலுக்கு முதுகு காட்டி, கட்டிலைப் பார்த்தபடி. உயரம் நாலடி பத்து அங்குலம். நேரம் மூன்றரையிலிருந்து நாலரை.

தம்பி ஆறடி. அவனால் நிற்கவும் முடியாது. அந்த நேரத்தில் இவள் அலுவலகத்தில் இருப்பாள். அந்த நாலடி பத்து அங்குலம் யார் என்று தெரிந்துகொள்ள டேப் தேவைப்படவில்லை.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மூன்றேமுக்காலுக்கு வீட்டுக்கு வந்தாள். குரல் கொடுக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் எட்டிப் பார்த்தாள். அம்மா ஜன்னலை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கைகள் இரண்டும் உடம்பிலிருந்து சற்றே விலகி, வெயிலை அணைகட்டுவது போல. எதிரே காலிக் கட்டில். தலையணை முழுக்க நிழலில் இருந்தது.

"அம்மா."

அம்மா திரும்பவில்லை. "சத்தம் போடாதடி. இப்பத்தான் கண்ணசந்தான்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போகவும் முடியவில்லை, விலகி வரவும் முடியவில்லை. வெயில் சுவரைவிட்டு நகர்ந்ததும் அம்மா அவளைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. "அட, நீ எப்ப வந்த? காபி வேணுமா?"

காபியை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "தம்பி இருந்தப்ப, மத்தியான வெயிலுக்கு என்னம்மா பண்ணுவ?"

"என்ன பண்றது? ஜன்னலச் சாத்தினா மூச்சு முட்டுதும்பான். திரை போட்டாலும் அதே பாட்டுதான். வெயில் நேரா கண்ணுல அடிக்கும். நான்தான் மறைச்சுக்கிட்டு நிப்பேன். அவன் தூங்கி எந்திரிக்கிற வரைக்கும்."

"இப்பவும் நிக்கிறியா?"

"இப்ப எதுக்குடி நிக்கணும்? எனக்கென்ன பைத்தியமா?" அம்மா சிரித்தாள். ஒப்புக்குச் சிரித்த சிரிப்பில்லை. தான் நிற்பது நிஜமாகவே அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடைசி செமினாரில் அந்த உருவத்தையும் கணக்கில் சேர்த்துக் கழித்துக் காட்டினாள். திரை முழுக்கக் கறுப்பு. கைதட்டினார்கள். "கடைசியில அது யாருக்கா?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். "எங்க அம்மா" என்றாள். அதற்குமேல் யாரும் குடையவில்லை. நல்ல மதிப்பெண்ணோடு படிப்பு முடிந்தது.

ஒரு மருத்துவரிடம் தனியாகப் போய்க் கேட்டாள். அதட்டி எழுப்ப வேண்டாம், கூடவே இருங்கள் என்றார். அந்த வாரமே ஒரு நாள் மதியம் வந்து, தம்பியின் கட்டிலில் படுத்தாள். மூன்றரைக்கு வெயில் கண்ணில் அடித்தது. அம்மா வந்து நின்றாள். முகத்தின் மேல் நிழல் குளிர்ச்சியாக இறங்கியது. அம்மா அவளைத்தான் பார்த்தாள். ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

"தூங்குப்பா," என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளா என்று அவளுக்கே தெரியாது. விழித்தபோது சுவரில் வெயில் இல்லை, ஜன்னலருகே யாரும் இல்லை. சமையலறையிலிருந்து அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போக அவளுக்குக் கால் வரவில்லை.