தேவபிரசாதம் ரைட்டர் வளர்த்த ஒன்பது பேர்

தூத்துக்குடித் தோணித்துறையில் சரக்குக் கணக்கு எழுதும் தேவபிரசாதம் ரைட்டரின் குரலுக்குத் தனி மரியாதை. கரையில் நின்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால், பஞ்சுப்பொதி ஏற்றிக்கொண்டு கப்பலுக்குப் போகும் தோணி நடுக்கடலிலேயே திரும்பிப் பார்க்கும். வீட்டிலும் அதே குரல்தான். பிள்ளையில்லாத வீடு, மனைவி ஞானசௌந்தரி கோழி வளர்த்தாள். கொல்லையோடு சரி. கோழி வாசல்படி தாண்டக் கூடாது என்பது ரைட்டர் இருபது வருஷமாக வைத்திருந்த சட்டம்.

1946 ஆவணியில் தங்கச்சி பிரசவத்துக்கு ஞானசௌந்தரி நாசரேத்துக்குப் புறப்பட்டாள். "கொல்லையில கோழி அடையில கெடக்கு. தண்ணி மட்டும் வையுங்க, மத்ததை அது பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குஞ்சு பொரித்த மறுநாள், இரை தேட வெளியே போன தாய்க்கோழியைத் தெருநாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. கூடைக்குள் ஒன்பது குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. ரைட்டர் பக்கத்து வீட்டுச் சீனித்தாயைக் கூப்பிட்டார்.

"வெளிய வச்சியன்னா காக்கா கொத்திரும் அண்ணாச்சி, குளுந்தும் செத்துரும். வீட்டுக்குள்ள வையுங்க. செங்கலைச் சூடாக்கி, துணியில சுத்தி நடுவுல போடணும். அப்பப்ப கொக் கொக்குன்னு குரல் குடுக்கணும். இல்லன்னா தாயைத் தேடி ஏங்கிப்போயிரும்."

"யாரு, நானா?"

"பின்ன நானா? எனக்கு வீட்டுல நாலு புள்ளைக கெடக்கு."

ரைட்டர் மனைவியின் தகரப் பெட்டியிலிருந்த சேலைகளைக் கட்டிலில் கொட்டினார். பெட்டிக்குள் குஞ்சுகளை இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டு, "கொக்!" என்றார். தோணித்துறைக் குரல். ஒன்பதும் படுத்துவிட்டன. செத்தே போய்விட்டனவென்று அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அப்புறம்தான் மெல்லச் சொல்லிப் பழகினார்.

இரண்டே நாளில் அவர் கொக்கரிக்காமல் ஒரு குஞ்சும் நொய்யரிசியைத் தொடவில்லை. அவர் நடந்தால் ஒன்பதும் பின்னால் ஓடிவந்தன. குளிக்கப் போனால் அழுகைச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. எச்சம் அடைத்துக்கொண்ட பின்புறங்களை வெந்நீர்த் துணியால் துடைத்துவிடுவதும் அவர் வேலையாயிற்று. லீவு போட்டார். கோழிக்குஞ்சுக்காக என்று எழுத வெட்கம். காய்ச்சல் என்று பொய் எழுதவும் மனசில்லை. 'வீட்டில் சிறுகுழந்தைகளைக் கவனிக்க வேறு ஆள் இல்லாதபடியால்' என்று எழுதி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே ஹெட் கிளார்க் கிளாட்வின் ஒரு பால்மாவு டின்னும் கிலுகிலுப்பையுமாக வந்து நின்றார். அநாதை விடுதியிலிருந்து பிள்ளை எடுத்து வளர்க்கிறார்கள் என்று அவருக்கு நினைப்பு. கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நல்ல காரியம்யா. ஆணா, பொண்ணா?"

"தெரியல சார். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியுமாம்."

கிளாட்வின் கிலுகிலுப்பையைக் கீழே வைத்தார். "எத்தனை பேரு?"

"ஒம்பது."

ஹெட் கிளார்க் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"கொண்டையைப் பாத்துத்தான் சொல்லணும்னு சீனித்தாய் சொல்லுதா சார்" என்று ரைட்டர் சொல்லி முடிப்பதற்குள், அவர் குரல் கேட்டு உள்ளேயிருந்து ஒன்பதும் வரிசையாக வந்துவிட்டன. ஒன்று கிளாட்வினின் பூட்ஸ்மேல் ஏறி எச்சமிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் பால்மாவு டின் கைதவறி உருண்டது.

சிரித்ததோடு நின்றிருக்கலாம், துறை முழுக்கச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ரைட்டர் வேலைக்குப் போய்க் கரையில் நின்று சத்தம் கொடுத்தபோது, கடலிலிருந்து நான்கு தோணிகள் சேர்ந்தாற்போல "கொக் கொக்!" என்று பதில் சொல்லின. ரைட்டர் முகம் சிவந்தது. ஆனால் மத்தியானச் சங்கு ஊதியதும் யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினார். அங்கே பசியோடு காத்திருந்தார்கள்.

பத்தாம் நாள் ஞானசௌந்தரி கதவைத் திறந்தபோது அவள் புருஷன் தரையில் கவிழ்ந்து படுத்திருந்தார். முதுகில் மூன்று குஞ்சுகள்.

"அய்யோ, என் கல்யாணச் சேலை! பெட்டியைப் பாழாக்கிட்டியளே! வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

"ஏளா, சத்தம் போடாத" என்று அவர் கிசுகிசுத்தார். "இப்பத்தான் தூங்குதுக."

அதில் ஒன்று அடுத்த வாரம் செத்தது. ரைட்டரே முருங்கை மரத்து மூட்டில் குழி தோண்டினார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஞானசௌந்தரி வற்புறுத்தவும் இல்லை. மற்ற எட்டும் இறகு முளைத்து, கொண்டை வைத்து, கொல்லைக்குப் போயின. ஐப்பசியில் ஒருநாள் அவர் நொய்க் கிண்ணத்தோடு கொல்லையில் நின்று மெல்லக் கொக்கரித்தார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. வேலி இடுக்கு வழியாகச் சீனித்தாய் வீட்டுக் குப்பைக்கு நடந்தன. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

ஞானசௌந்தரி அடுக்களை வாசலிலிருந்து பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சாயங்காலம் சீனித்தாயிடம் போய், அடைக்கு வைக்கப் பன்னிரண்டு நல்ல முட்டையும் ஒரு அடைக்கோழியும் கேட்டு வாங்கி வந்தாள்.