டிரையர் சுவரோரம் இருந்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் நின்றுபோன அன்று முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு தகரப் பெட்டிக்காக நான் ஏன் அத்தனை ஆத்திரப்பட்டேன் என்பது விளங்காது.

கீழ் கோத்தகிரிச் சரிவில் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரி. சுற்றுப்பட்டுத் தோட்டக்காரர்களிடம் பச்சை இலை வாங்கி, தூளாக்கி, குன்னூர் ஏலத்துக்கு அனுப்புவது வேலை. தேயிலை விலை படுத்துவிட்ட வருஷங்கள் அவை. வாரத்தில் மூன்று நாள்தான் மெஷின் ஓடியது. ஆபீஸில் இருந்தது இரண்டு பேர். ஒருவர் பெரிய கிளார்க். இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இளைஞராகக் கப்பலேறி வந்தவர். எல்லாவற்றையும் கையால் எழுதியே தலை நரைத்தவர். இன்னொருத்தி நான், கம்ப்யூட்டருக்கென்று எடுக்கப்பட்டவள்.

“ரெண்டு பேர வெச்சு இனிச் சமாளிக்க முடியாது அம்மிணி. பொட்டி ஓடுச்சுன்னா நீ இரு. ஓடலீன்னா அவரே எழுதிக்கட்டும். மாசக் கடைசிக்குள்ள பாரு. அவருகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம்” என்றார் முதலாளி.

அப்பாவின் ஒன்றரை ஏக்கரில் இலையைப் பறிக்காமலே விட்டிருந்தோம். பறித்தால் பறித்த கூலிக்குக்கூடக் காணாது. வீடு என் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, அந்தப் பெட்டி ஓடியே தீரவேண்டும்.

அது பெரிய கம்பெனிப் பெட்டி. முதலாளியின் மச்சான் பெங்களூரில் ஏதோ ஆபீஸ் காலி செய்தபோது வாங்கிவந்தது. முன்பக்கம் கம்பெனி முத்திரை பளபளக்கும். வந்தவர்களிடமெல்லாம் முதலாளி அதைக் காட்டுவார். அந்த முத்திரையை எத்தனை முறை மனதுக்குள் திட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

குன்னூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். இரண்டு பஸ் மாறி, நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்தார். பின்னாலிருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றி பவர் சப்ளையை வெளியே எடுத்தார். கரண்ட்டை வாங்கி உள்ளே இருப்பவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கிற செங்கல் அளவு டப்பா அது. மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு பூனைக்குட்டி படுத்திருப்பது போலப் பழுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது.

தேயிலைப் பஞ்சு. இலையைச் சூடுகாட்டி உலர்த்தும் டிரையர் பக்கம் எப்போதும் பறந்துகொண்டிருக்கும் மெல்லிய நார்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. மேஜையை டிரையர் சுவரோரம் இழுத்துப் போட்டவள் நானேதான். எங்கள் ஃபேக்டரியில் ஈரம் பட்டால் ஆகாத எதுவும் அந்தச் சுவரோரம்தான் போகும். ஸ்வெட்டர், குடை, தீப்பெட்டி, முதலாளியின் பூட்ஸ், பூஞ்சை பிடித்த ரெஜிஸ்டர். மானிட்டர் கண்ணாடியில் பனி படிந்த மறுநாளே கம்ப்யூட்டரையும் அங்கே குடியேற்றினேன். புத்திசாலித்தனம் என்று பெருமை வேறு. தினமும் டிரையர் ஓடியவரை பஞ்சு காய்ந்தே கிடந்திருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் சுவர் சில்லிட ஆரம்பித்ததும் அது மூடுபனியைக் குடித்து ஊறியிருக்கிறது. திங்கட்கிழமை ஸ்விட்சைப் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மெக்கானிக் புது பவர் சப்ளை ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதன் பிளக் கம்ப்யூட்டர் போர்டில் அச்சாகப் பொருந்தும் என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. அவரோ செருகாமல் பழைய வயர்களையும் புது வயர்களையும் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு புதியதைப் பைக்குள் போட்டுவிட்டார்.

“பிளக் ஒண்ணுதானுங்க. உள்ள வயரெல்லாம் எடம் மாறிக் கெடக்குது. இதச் செருகுனா போர்டே போயிரும். அந்தக் கம்பெனிக்காரனோடதேதான் வேணுங்க.”

பொருந்தாது என்றால் பொருந்தாத மாதிரி செய்து தொலைத்திருக்கக் கூடாதா? எல்லோரும் செய்கிற பிளக்கையே செய்து, வயரை மட்டும் மாற்றி வைக்கிற புத்தி எந்த மகராசனுக்கு வந்ததோ. எஸ்.டி.டி. பூத்தில் நின்று கம்பெனிக்கு மூன்று நாள் போன் செய்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் குரலுக்கு முதலிலிருந்து கதை சொன்னேன். மூன்றாம் நாள் குரல் அந்த மாடலே இப்போது இல்லை, புதிதாக வாங்குங்கள் என்று மிக மரியாதையாகச் சொன்னது. பூத்துக் கதவைச் சாத்திய வேகத்தில் வெளியே காத்திருந்தவர் ஒதுங்கி நின்றார்.

மாசக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. அன்று பெரிய கிளார்க் லீவ் எழுதி வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். மறுநாள் கோயம்புத்தூருக்குக் கண் காட்டப் போவதாகவும், பெட்டிக்கு ஏதாவது வேண்டுமானால் எழுதித் தரும்படியும் சொன்னார். அவர் அதைப் பெரிதாக விரும்பியவரில்லை. ஆனால் பொடி எழுத்து எழுதும் வேலையை நான் வாங்கிக்கொண்ட பிறகு சாயங்காலத் தலைவலி விட்டதென்று ஒருமுறை சொல்லியிருந்தார்.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். சார், இது ஓடினால் போகப்போவது நீங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண் தெரியாதவர் இன்னும் எத்தனை நாள் எழுதுவார் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டு, பழைய டப்பாவின் லேபிளில் இருந்த நம்பரை எழுத்தெழுத்தாகப் பார்த்து, அவருக்குப் படிக்க வரட்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் கடைசி பஸ்ஸில் வந்தாராம். அதற்கடுத்த காலை மேஜைமேல் நியூஸ்பேப்பரில் சுற்றிய டப்பா இருந்தது. கண்ணில் மருந்து விட்டதில் பார்வை மங்கி, காந்திபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் கடை கடையாக ஏறி, என் சீட்டை அவர்களிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லி வாங்கியிருக்கிறார். “நம்பர மூணு தடவ ஒப்புப் பாக்கச் சொன்னேன் புள்ள” என்றார். நான் நன்றி சொன்னேன். 

இலை விலை கேட்டு அன்று சாலை மறியல். மெக்கானிக் வர வழியில்லை. போனிலேயே சொன்னார்: பின்னாலிருக்கும் சிவப்பு ஸ்விட்ச் 230 வோல்ட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். மேஜையை டிரையர் சுவரிலிருந்து எதிர்க் கோடிக்கு இழுத்தேன். நானே ஸ்க்ரூ முடுக்கினேன். ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்து அதைத் தேட அரைமணி நேரம். விரலைக் கிழித்துக்கொண்டேன். சிவப்பு ஸ்விட்சை இரண்டு முறை பார்த்துவிட்டு ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது, திரையில் அந்தப் பாழாய்ப்போன முத்திரை வந்தது. பெரிய கிளார்க் தன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

மாசக் கடைசியில் முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டார். ஐந்து நிமிஷம் இருக்கும். வெளியே வந்து தன் இடத்தில் உட்காராமல் என் எதிரில் வந்து நின்றார்.

“பொட்டி ஓடலன்னா யாரு போறதா இருந்துச்சு, புள்ள?”

“நாந்தானுங்க சார்.”

“நான் கோயம்புத்தூரு போகக்குள்ளயே ஒனக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க சார்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.  அவரோ, வேறெங்காவது வேலை கேட்க வேண்டியிருக்கும், சர்வீஸ் சர்ட்டிஃபிகேட் ஒன்று அடித்துத் தா என்றார். அடித்தேன். அவர் சேர்ந்த மாதத்தைத் தப்பாக அடித்துவிட்டேன். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிவரியாக நகர்த்தி அவர்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். திருத்தி மறுபடி அடித்துக் கொடுத்தேன். அன்று அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.