ரூபாயில் கணக்குப் பார்த்தவர்

மோர்டென்ஸ்ருட் போகும் ரயிலில் எதிரே இருந்தவர், கோப்பியோ காலில் போடும் சப்பாத்தோ, எதன் குரோனர் விலையையும் இலங்கை ரூபாய்க்கு மாற்றித்தான் பேசினார். பெரிய உடம்பு, பஸ் சாரதியின் நீலச் சீருடை. வீட்டுக் கடனுக்காக எடுத்த காப்புறுதி அன்றுதான் முதிர்வடைந்திருந்தது. இத்தனை வருடமும் காப்புறுதிக்குத் தவணை கட்டிக்கொண்டு, வங்கிக்கு வட்டி மட்டுமே கட்டியிருக்கிறார். வாங்கிய கடன் முழுவதையும் முதிர்வுப் பணம் அடைத்துவிடும் என்று காப்புறுதியை விற்றவன் சொல்லியிருந்தான். கைக்கு வந்ததோ கடனில் பாதி.

"நல்ல லாபம் தம்பி. நான் கட்டத் துவங்கேக்கை ஒரு குரோனர் எத்தினை ரூபாய், இப்ப எத்தினை ரூபாய்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விற்றவன்மேல், கம்பனிமேல், பனிக்குள் பஸ் ஓட்டியே உழைத்த இந்த மனிதரின் சிரிப்பின்மேலும்.

"அண்ணை, எங்கடை ரூபாய் விழுந்ததை லாபமெண்டு சொல்லுறியள். உங்களை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள். கடன் மிச்சம் கிடக்கெல்லே? அதையும் ரூபாயிலை மாத்திப் பாருங்கோவன்!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அதை மாத்திப் பாக்கிறேல்லை, தம்பி. பாத்தால் விடிய வேலைக்கு எழும்ப மனம் வராது."

என் கோபம் எங்கே இறங்குவதென்று தெரியாமல் கடைசி நிலையம் வரைக்கும் வந்தது.