ஒற்றை நட்சத்திரப் பள்ளிக்கூடம்

என் அக்காவுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் 'தகவல் மையம்'. எந்தப் பள்ளியில் எத்தனை கழிப்பறை, எத்தனை வாத்தியார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்காகப் பள்ளிகளுக்கு நட்சத்திரம் போடும் இணையதளத்தில் பத்து வருஷமாக வேலை. ஒவ்வொரு பள்ளிக்கும் போன் போட்டு, கேட்டுக் கேட்டு, முப்பது கேள்விகளுள்ள படிவத்தை நிரப்புவாள்.

அந்தப் படிவத்துக்கு ஒரு கெட்ட குணம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அடுத்த பக்கத்துக்கு நகராது. மூன்று தடவை அடித்தும் போனை எடுக்காத பள்ளிக்கு எல்லாவற்றிலும் 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போவது அங்கே எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் சின்னப் பள்ளிக்கும் அக்கா அப்படித்தான் தட்டினாள். ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு, வேனில் ஒரு மணி நேரம் போகிற ஐந்து நட்சத்திரப் பள்ளியில் மகளைச் சேர்த்தேன். அக்கா வேலை பார்க்கிற இடம் பொய்யா சொல்லும்?

போன மாதம் அக்கா லீவு போட்டிருந்த ஒரு மத்தியானம், நானும் அவளும் கடையிலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பள்ளி வாசலில் ஒதுங்கினோம். தலைமையாசிரியை சாக்பீஸ் கையோடு வந்து, உள்ளே கூட்டிப்போய் நூலகத்தில் உட்காரவைத்தார். மூன்று சுவரிலும் புத்தகம். பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வகுப்பு நேரத்தில் எடுக்க ஆள் இல்லை என்றார், சாதாரணமாக. அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அக்கா கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள் என்று சொல்லித் தொலைத்தேன்.

"ஒரு உதவி பண்ணும்மா. எங்ககிட்ட நூலகம் இல்ல, தண்ணி இல்லன்னு நெட்ல போட்டிருக்காங்க. இந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புக்கு ஆறே பிள்ளைங்க. அடுத்த வருஷமும் இப்படின்னா மூடிடுவாங்க. இத யார்கிட்ட சொல்லி மாத்தறது?"

அக்கா கையைப் பிசைந்தாள். "நான்தான் டீச்சர் போட்டேன். மூணு தடவ அடிச்சேன், யாரும் எடுக்கல."

நாளைக்கே திருத்திவிடுவதாகவும் சொன்னாள். ஆனால் நட்சத்திரத்தை வருஷத்துக்கு ஒரு தடவைதான் கணக்குப் போடுவார்கள்; திருத்தினாலும் அடுத்த சேர்க்கை முடிந்த பிறகுதான் அது மாறும் என்று அவளுக்குத் தெரியும்.

தலைமையாசிரியை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வீடு எங்கே என்று மட்டும் கேட்டார். நான் தெருவைச் சொன்னேன்.

"பக்கத்துலதானா? அப்ப வேலைக்கு இந்த வழியாத்தான போவீங்க?"

அக்கா தலையை ஆட்டினாள். பத்து வருஷமாக அந்த வாசலைத் தாண்டித்தான் பஸ் ஏறப் போகிறாள். நான் தினம் காலையில் மகளை வேன் ஏற்றிவிடுவதும் அதே வாசலுக்கு எதிரில்தான்.