பாலர் பள்ளிக்குப் பெற்றோரைப் பழக்குதல்

பாலர் பள்ளி டீச்சர் வேலையில் பாதி மூக்கு துடைப்பது. மீதிப் பாதி, அந்த மூக்குகளைப் பெற்றவர்களைச் சமாளிப்பது.

ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில், ஒரு தாமான் குடியிருப்பின் மூலை வீட்டில் நடக்கிறது எங்கள் பாலர் பள்ளி. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, புதுப் பெற்றோரை உட்கார வைத்து நான் பேசுவேன். பிள்ளை தானாகச் சாப்பிட வேண்டும், தானாக டாய்லெட் போக வேண்டும், காலில் சப்பாத்தை மாட்டத் தெரிய வேண்டும், அம்மா கிளம்பும்போது அம்மாவின் காலைக் கட்டிப் பிடிக்கக் கூடாது. எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். "நீங்க கவலையே படாதீங்க டீச்சர்" என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டதும் நான் கவலைப்பட ஆரம்பிப்பேன். வீட்டில் ஐந்து வயது ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை புரியும். மற்றவர்கள் இப்போது சிரித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் ஒன்று பிறக்கும்.

வீட்டிலேயே பெரட்டு

"பள்ளி தொறக்கறதுக்கு முன்னாடியே வீட்டுல கொஞ்சம் பழக்கிடுங்க. காலையில எழுந்திரிக்கிறது, வரிசையில நிக்கிறது, பேரு கூப்பிட்டா பதில் சொல்றது, அவ்ளோதான்." இது நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வது. ஒரு வருஷம் இதைக் குணாளன் என்பவர் ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டு போனார். பாதுகாவலர்களுக்கு மேற்பார்வையாளராக இருப்பவர். அவருடைய அப்பா தோட்டத்தில் மண்டோர், வேலையாள்களுக்குக் கங்காணி. விடியற்காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டைப் பார்த்தே வளர்ந்தவரிடம் போய் 'வரிசை' என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாளே வீட்டில் விசில் வாங்கியாகிவிட்டது. வெளிச்சம் வருவதற்கு முன்னால் ஹாலில் பெரட்டு. மகன் கவின் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதலில் நிற்பான். அடுத்து அவன் அம்மா தேவி. அதற்கடுத்து தேவியின் தம்பி. பாவம், ஈப்போவில் இரவு வேலை முடித்து அப்போதுதான் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றியிருக்க மாட்டான். பேர் கூப்பிட்டால் எல்லாரும் "ஹாடிர்", அதாவது 'உள்ளேன்', சொல்ல வேண்டும். பிறகு நகச் சோதனை. மச்சான் நகம் வெட்டாததற்காக ஒரு நாள் அவனுக்குப் பசியாறல் தாமதமாகக் கிடைத்தது.

பள்ளி திறந்த அன்று கவின் கேட்டுக்குள் வந்து எனக்கு ஒரு சலாம் வைத்து "ஹாடிர்!" என்று கத்தினான். எதிரில் வந்த பிள்ளை பயந்து திரும்பி ஓடியது. பின்னால் தேவி, பாதித் தலை வாரியபடி, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தாள். அருமையாகப் பழக்கியிருக்கிறீர்கள் என்று பாராட்டினேன்.

"இவன் ரெடிதான் டீச்சர். எந்தம்பிதான் பெரட்டுக்குப் பயந்து வேற வாடக வீடு பாத்துக்கிட்டுப் போயிட்டான்" என்றாள்.

லோரி மலை ஏறும் நேரம்

சேகர் கேமரன் மலையிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவர். டாய்லெட் பற்றி நான் பேசியபோது, "அதெல்லாம் எம்மவன் தானாவே போவான்லா" என்று முதல் ஆளாகச் சொன்னவர் அவர்தான். மகன் ரூபன் தானாகப் போனது உண்மை. ஆனால் கதவுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டு, லோரி மலை ஏறுகிற கதையைச் சொல்ல வேண்டும். இந்தச் சின்ன விவரத்தை அவர் சொல்லவில்லை.

பள்ளியில் கதை சொல்ல ஆள் இல்லையே. ரூபன் அடக்கினான். அடக்க முடியாது என்று புரிந்ததும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான். மூன்றாம் வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் ரூபனை விட்டுவிட்டு எங்களைத் திட்டினார். அன்றைக்குச் சேகர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். காலையில் சரக்கை இறக்கிவிட்டு, தூங்கப் போகாமல், சேகர் நேராக எங்களிடம் வருவார். முதலில் டாய்லெட் கதவு அருகே நின்று கதை. பிறகு கை கழுவும் இடத்திலிருந்து. பிறகு ஹாலிலிருந்து. இப்படித் தள்ளித் தள்ளிக் கடைசியில் வாசல் கேட்டுக்கு வந்துவிட்டார். அங்கேயிருந்து உள்ளே கேட்க வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். "தோ, பெரிய கோனரு வளைவு வருதுடா! கியர எறக்குறேன்! முன்னால பஸ்ஸு!" என்று ஒரு வளர்ந்த மனிதர் நட்டநடுத் தெருவில் அலறுவார். பிள்ளைகள் எல்லாம் பாடத்தை விட்டுவிட்டுச் சன்னலில் தொங்கும். எதிர்வீட்டுச் சீன அக்கா, யாருக்கோ விபத்து என்று பதறி இரண்டு முறை வெளியே வந்தார். மூன்றாம் நாள் முதல் நாற்காலியோடு வந்தார்.

ஒரு நாள், லோரி பாதி மலையில் இருக்கும்போது, உள்ளேயிருந்து ரூபன் குரல் வந்தது. "அப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க. தூங்குங்க. நான் முடிச்சிட்டு வந்துர்றேன்."

சேகர் கேட்டை இழுத்துச் சாத்தினார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "லோரி இன்னும் மேலதான் நிக்கிது டீச்சர். என்னைய மட்டும் எறக்கி வுட்டுட்டான்லா."

கிரில் கதவுச் சாப்பாடு

ஷர்மிளாவின் அம்மாவுக்கு ஒரே கவலை. தான் ஊட்டாவிட்டால் மகள் சாப்பிட மாட்டாள். ஓய்வு நேரத்தில் வந்து ஊட்டிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். கூடாது என்றேன். அவர் சரி என்றதும், இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் சமையலையும் பிள்ளைகளையும் ஒரே கரண்டியால் மேய்ப்பவர் கமலாக்கா. கொஞ்ச நாளாகத் தட்டில் சாப்பாடு மிஞ்சுகிறது, ஆனால் பிள்ளைகள் ஏப்பம் விடுகின்றன என்று அவர்தான் துப்பு கொடுத்தார். ஓய்வு நேரத்தில் இருவரும் அடுப்படிப் பக்கம் பதுங்கிப் போனோம். பின்பக்கக் கிரில் கதவுக்கு வெளியே ஷர்மிளாவின் அம்மா குந்தியிருந்தார். மடியில் ஒரு கிண்ணம் ரசச் சோறு. குனிந்து உருட்டுவார், கம்பிக்குள் கையை விடுவார், முகம் பார்க்காமல் எதிரில் இருக்கும் வாயில் வைப்பார், மறுபடி குனிவார். ஷர்மிளா முதல் வாயை வாங்கிக்கொண்டு ஊஞ்சலுக்குப் போய்விட்டாள். அவள் இடத்தில் அடுத்த பிள்ளை, அதற்குப் பின்னால் அடுத்தது. நான் இத்தனை நாளாகத் தொண்டை கிழியக் கத்தியும் அமையாத வரிசை, அங்கே கோடு போட்ட மாதிரி நின்றது. கலைக்கப் போன என் கையைக் கமலாக்கா பிடித்து இழுத்தார். "இரு, இன்னும் நாலு பேருதான் பாக்கி."

கிண்ணம் காலியானதும் அந்த அம்மா நிமிர்ந்தார். எதிரில் வாயைத் திறந்துகொண்டு நின்றவன் யாரோ ஒரு பையன்.

"ரெண்டு வாய்க்கு மேல திங்காத பிள்ள, இங்க வந்து இப்பிடித் திங்குதேன்னு, நான் வீட்டுல போயிச் சாமிக்கு வெளக்கெல்லாம் ஏத்துனேனே டீச்சர்" என்றார்.

உருமிக்காரர்

ஜெகன் உருமி மேளக் குழுவில் அடிப்பவர். தாடி, கடுக்கன், கை முழுக்கப் பச்சை குத்திய வேல். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் தெரு நாய்கள் எழுந்து வழி விடும். முதல் நாள் மகள் தாராவைக் கொண்டுவந்து விட்டார். அவள் பையை மாட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஜெகன் அழ ஆரம்பித்தார்.

சும்மா கண் கலங்கவில்லை, தேம்பித் தேம்பி அழுதார். அதைப் பார்த்து, அதுவரை சும்மாயிருந்த பிள்ளைகளும் பிடித்துக்கொண்டன. வகுப்பே ஒப்பாரி. கமலாக்கா தண்ணீர் கொடுத்து அவரை ஒரு சின்ன நாற்காலியில் உட்கார வைத்தார். அதுதான் தவறு. அழுது முடித்து எழுந்தபோது நாற்காலியும் அவரோடு எழுந்தது. நானும் கமலாக்காவும் ஆளுக்கொரு நாற்காலிக் கால் பிடித்து இழுத்தோம்.

தாரா என் பாவாடையை இழுத்துச் சொன்னாள்: "டீச்சர், நாளைக்கி அம்மாவ வரச் சொல்றேன். இவரு சின்னப் பிள்ள."

மைலோ ஐஸ்

லாவண்யா பேசமாட்டாள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தில், மிச்சமிருக்கும் சில வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அங்கே வேறு பிள்ளைகளே இல்லை. அம்மா பரமேஸ்வரி கையுறைக் கம்பெனியில் வேலை செய்கிறார். "வீட்டுல வாய் ஓயாது டீச்சர், சேவலோட சண்ட போடுவா" என்பார். எங்களிடம் வந்து மாதக்கணக்காகியும் அவள் வாயிலிருந்து ஒரு எழுத்து வரவில்லை. நானும் செய்யாத வித்தை இல்லை. கைப்பொம்மையை மாட்டிக் குரல் மாற்றிப் பேசிப் பார்த்தேன். பக்கத்துப் பிள்ளை பயந்து அழுததுதான் கண்ட பலன்.

பரமேஸ்வரி மகள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பினார். பள்ளியை நடத்தும் எங்கள் பெரிய டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, "இது டிவியோட சத்தமா இருக்கும்" என்றார். பிறகு பரமேஸ்வரியைக் கூப்பிட்டு, இந்த விடுமுறையோடு பிள்ளையை நிறுத்திக்கொள்ளுங்கள், வேறு மாதிரிப் பள்ளி பாருங்கள் என்று மெதுவாகச் சொன்னார். பரமேஸ்வரி சண்டை போடவில்லை. சப்பாத்து வைக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். "வீட்டுல நிறுத்துனா சேவலோடயேதானே டீச்சர் பேசிக்கிட்டிருப்பா?" என்று என்னிடம் கேட்டார்.

அந்த வகுப்பில் யாசிர் என்று ஒருவன் உண்டு. அவன் அத்தாவுக்குச் செமோர் டவுனில் சாப்பாட்டுக் கடை. பையன் கடையிலேயே வளர்ந்தவன், உட்கார்ந்து பழக்கமில்லை. அத்தாவிடம் புகார் சொன்னால், "உக்கார வச்சா வியாவாரம் மறந்துருவான் டீச்சர்" என்றார். ஓய்வு நேரத்தில் தோளில் கைத்துண்டைப் போட்டுக்கொண்டு மேசை மேசையாகப் போவான். "அண்ணே, என்ன குடிக்கிறீங்க? அக்கா, சூடா, ஐஸா?" பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்லும். இவன் அடுப்படியைப் பார்த்துக் கத்துவான். வருவது எல்லாருக்கும் பச்சைத் தண்ணீர்தான், யாரும் புகார் சொன்னதில்லை.

லாவண்யாவிடம் மற்றப் பிள்ளைகள் பேசுவதையே விட்டுவிட்டன. யாசிர் விடவில்லை. ஆர்டர் எடுக்காமல் ஒரு மேசையை எப்படித் தாண்டுவது? தினமும் நின்று கேட்பான். "தே? கோப்பி? மைலோ? பரவால, யோசிச்சிச் சொல்லுங்க." நிற்பான். ஓய்வு நேரம் முடியும் வரை நிற்பான். விடுமுறைக்கு முந்திய வாரம், நான் அடுத்த மேசையில் ஒரு பையனின் சட்டையில் கொட்டிய மீ நூடுல்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு புதுக் குரல் கேட்டது. கரகரவென்று, கொஞ்சம் அதட்டலாக.

"மைலோ ஐஸ். சீனி கொறச்சி."

நான் துணியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். யாசிருக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. வாடிக்கையாளர் கடைசியில் ஆர்டர் கொடுத்தார், அவ்வளவுதான். "மைலோ ஐஸ் சத்து, ஒன்னு! சீனி கொறச்சி!" என்று முழங்கினான். கமலாக்கா எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நிஜமாகவே மைலோ கலக்கி ஐஸ் போட்டார். லாவண்யா குடித்துப் பார்த்துவிட்டு, "இனிக்கிது" என்று யாசிரைத் திட்டினாள்.

பெரிய டீச்சர் பிள்ளையை நிறுத்தும் பேச்சை அதோடு விட்டார். வருஷக் கடைசியில் லாவண்யாவை வாயை மூடச் சொல்லியே என் குரல் போனது. ஆனால் அன்றைக்கு நான் பின்கட்டுக்கு ஓடிப் போய்ப் பரமேஸ்வரிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். வேலை இடைவேளையில் அவர் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:

"சீனி கொறச்சின்னா சொன்னா? அப்பன்னா அது எம்பொண்ணுதான் டீச்சர்."

ஐந்து வயதுகளை ஓராண்டில் தேற்றி அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். பெற்றோரில்தான் பலரை அதே வகுப்பில் இன்னொரு வருஷம் போட வேண்டியிருக்கிறது.